பழைய செஸ்னா வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகன் பழைய செஸ்னா 172 விமானம் ஒன்றை வாங்கப்போகிறானாம். கார் விலைதான் என்கிறான். பராமரிக்க முடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அங்கே இருந்தபோது இரண்டு நண்பர்களோடு கூட்டாக அதே ரக விமானம் வைத்திருந்தேன். வாங்கும் விலை வெறும் தொடக்கம்தான். பறக்காவிட்டாலும் ஹேங்கர் (விமானத்தை நிறுத்தும் கொட்டகை) வாடகையும் இன்ஷூரன்ஸும் கட்டியாக வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை கட்டாயம். எதிர்பாராத பில் அதில்தான் வரும். ஒரு வருஷம் என்ஜினின் ஒரே ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தது. அந்தக் கோடை முழுக்க விமானம் தரையில்.

லைகோமிங் என்ஜின் என்றால் 2000 மணி நேரம் ஓடியதும் ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது) செய்யச் சொல்கிறது கம்பெனி. அதற்காக, பறந்த ஒவ்வொரு மணிக்கும் பணம் எடுத்து வைத்தோம். 50 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது மெக்கானிக் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, உலோகத் துகள் மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். மினுங்கினால் என்ஜின் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு மூச்சே வராது.

அப்புறம், ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் என்ஜின் உள்ளே துருப்பிடிக்கும். மாதம் எத்தனை மணி பறப்பான் என்று முதலில் கேளுங்கள். விற்பவரோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவர் லாக் புத்தகங்களை (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகள்) முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.