மடிக்கணினி பேட்டரி கெட்டுவிட்டதா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் விண்டோஸ் மடிக்கணினி, சார்ஜ் 100 சதவீதம் என்று காட்டினாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. சில நாட்களில் 30 சதவீதம் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. புதிய பேட்டரி வாங்குவதற்கு முன், பழையதன் நிலையை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், அதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. திரையின் மூலையில் தெரியும் 100 சதவீதம், பேட்டரி இன்றைய நிலையில் கொள்ளக்கூடிய மின்சாரம் நிரம்பிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. குடம் சிறுத்துப்போனாலும் விளிம்புவரை நீர் இருந்தால் அது நிறைகுடம்தான் அல்லவா?

தொடக்கப் பட்டியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடித் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு ஒன்றும் அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்பதும் சேர்த்து (powercfg /batteryreport) என்டரை அழுத்துங்கள். அறிக்கை எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டது என்பதை அந்தத் திரையே காட்டும்; கோப்பை பிரவுசரில் திறந்து படிக்கலாம். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் கொள்ளும் அளவு), 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இன்று கொள்ளும் அளவு) என்னும் இரண்டு எண்களைத் தேடுங்கள். முன்னது 50,000 மில்லிவாட் மணி, பின்னது 31,000 என்று இருந்தால், பேட்டரியில் எஞ்சியிருப்பது 62 சதவீதத் திறன்தான். மேக் கணினியில் அமைப்புகளுக்குள் உள்ள பேட்டரி பகுதியிலேயே இந்த விவரம் கிடைக்கும்.

பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரியை மாற்ற அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அப்படியிருந்தும் சார்ஜ் விரைவில் தீர்ந்தால், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு செயலியோ திரையின் மிகையான வெளிச்சமோதான் மின்சாரத்தைக் குடிக்கிறது. புதிய பேட்டரி போட்டாலும் அந்தக் குறை தீராது.

30 சதவீதத்தில் அணைந்துபோவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மீதி சார்ஜைக் கணக்கிடும் சுற்றின் அளவீடு காலப்போக்கில் பிசகியிருக்கலாம். அல்லது பேட்டரிக்குள் இருக்கும் பழைய செல்களில், மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்மின்தடை கூடி, கணினிக்குத் திடீரென அதிக மின்சாரம் தேவைப்படும் நொடியில் மின்னழுத்தம் சரிந்துவிடலாம். ஒருமுறை முழுவதும் சார்ஜ் செய்து, கணினி தானாக அணையும்வரை பயன்படுத்தி, மீண்டும் முழுவதும் சார்ஜ் செய்து பாருங்கள். முதல் காரணமாக இருந்தால் பெரும்பாலும் இதில் சரியாகிவிடும். பிறகும் அணைந்தால் செல்கள் தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். லித்தியம் பேட்டரியை அடிக்கடி முழுவதும் வடியவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

எண்கள் எதுவாக இருந்தாலும், டச்பேட் மேலெழும்பியோ அடிப்பலகை புடைத்தோ காணப்பட்டால் செல்கள் வீங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கணினியை அணைத்துவிடுங்கள். பேட்டரியை அழுத்தவோ குத்தவோ முயலாமல், பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து அகற்றச் சொல்லுங்கள்.