வாசகர் கேள்வி – பதில்: வகுப்புகளுக்கு நடுவே எழும்பூர்

கேள்வி: நான் வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் வந்து, காலை எட்டரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை வகுப்பில் இருக்கிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதி, வரும் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இதே வாரத்தின் கடைசியில் இரண்டு இன்டர்னல் தேர்வுகளும் இருக்கின்றன. சென்ற சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றி வந்தேன். எழுத உட்கார்ந்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்தால்தான் கட்டுரை நிறைவாகும் என்று தோழிகள் சொல்கிறார்கள். இந்த வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: 1851இல் தொடங்கப்பட்டு, கற்கருவிகள் முதல் திமிங்கில எலும்புக்கூடு வரை சேர்ந்து கிடக்கும் ஓரிடத்தை மூன்று மணி நேரத்தில் சுற்றி வந்தவருக்கு எதுவும் நினைவில் தங்காதது இயல்புதான், அதற்காக வருந்தாதீர்கள். நானும் மாணவனாக இருந்தபோது பெயர்ப்பலகைகளை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டு திரும்பினேன், அதிலிருந்து ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று பிற்பகல்களிலும் கல்லூரியிலிருந்து நேரே எழும்பூருக்குச் சென்று, நாளுக்கு ஒரு கூடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலையங்கள்தாமே, இரண்டரை மணிக்குள் உள்ளே இருக்கலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் அந்த நாளைத் தேர்வுப் படிப்புக்கு விட்டுவிடலாம்.

செவ்வாய்க்கிழமை தொல்பழங்காலப் பிரிவிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நாள்தோறும் கடந்து வரும் பல்லாவரத்தில்தான், 1863ஆம் ஆண்டு மே மாதம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், சரளைமண் தோண்டிய குழி ஒன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதர் வாழ்ந்த காலத்தை மிகவும் பின்னோக்கிக் கொண்டுசென்ற கண்டுபிடிப்பு அது. அவர் வாழ்நாளெல்லாம் சேகரித்த தொல்பொருள்கள் 1904இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. உங்கள் கட்டுரையை அந்த ரயில் பாதையிலிருந்தே தொடங்க முடியும் என்பது எல்லோருக்கும் வாய்க்காத ஒரு வசதி. தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்களையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

புதன்கிழமை முழுவதையும் வெண்கலக் கூடத்துக்கு, அதிலும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் ஒருவருக்கே கொடுங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம் அது. சிவனுக்குரிய வலப்பக்கத்தில் இரண்டு கைகளும் உமைக்குரிய இடப்பக்கத்தில் ஒரே கையும் இருப்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு வலத்தொடையோடு நின்றுவிடும் ஆடை இடக்காலில் கணுக்கால் வரை இறங்குவதையும், இருவேறு தோள்களும் இருவேறு இடுப்புகளும் ஒரே உடலின் வளைவில் எங்கே சந்திக்கின்றன என்பதையும் பென்சிலால் வரைந்து பாருங்கள். ஓவியம் நன்றாக வர வேண்டியதில்லை. புகைப்படம் எடுத்தால் கண் ஒரு நொடியில் நகர்ந்துவிடும், வரைந்தால் அரைமணி நேரம் அங்கேயே நிற்கும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்தெடுக்கும் முறையில் ஓர் அச்சிலிருந்து ஒரே ஒரு படிமம்தான் கிடைக்கும் என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பட்டும் பூவும் சாத்தி மறைந்திருக்கும் திருமேனியை இங்கே முழுமையாகக் காண்கிறோம் என்றாலும், வழிபாட்டிலிருந்து பிரிந்த பின்பே அது நம் பார்வைக்கு வந்திருக்கிறது. இந்த இழப்பைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வியாழனன்று அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணை ஆற்றங்கரைப் பௌத்தத் தூபியிலிருந்து, 1845இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் அகழ்ந்தவை உட்படப் பல கட்டங்களில் கிடைத்த இந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளில் ஒரு பகுதி சென்னையில் தங்கியது, ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. ஒரே தூபி ஏன் இப்படிப் பிரிந்தது என்ற கேள்விக்குப் படிக்க வேண்டியவற்றை, அதே வளாகத்திலுள்ள கன்னிமாரா நூலகத்தில் சனிக்கிழமை தேடிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதிவிடலாம்.

கோட்டை அருங்காட்சியகம் இந்த வாரம் வேண்டாம். அங்கிருப்பவை பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்துப் பொருள்கள். காலனி ஆட்சி பற்றிய பாடம் நடக்கும் பருவத்தில் பார்த்தால் அவற்றின் பொருள் நன்றாக விளங்கும். அதற்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.