பல்கலைக்கழகத்தால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன பயன்?

பட்டம் தருவதைத் தவிர ஒரு பல்கலைக்கழகம் ஊருக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, பின்பு கோவைக்கு இடம் மாறி, 1971-இல் பல்கலைக்கழகமானது. மாணவர்களை நம்பி மெஸ்ஸும் ஜெராக்ஸ் கடையும் பிழைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். இங்கே பெரிய விஷயம் விதை. அங்கே உருவான கோ 51 நெல் குறுகிய கால ரகம். 105 முதல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தண்ணீர் தட்டுப்பாடான பருவத்தில் அந்தச் சில நாள் மிச்சம் எவ்வளவு பெரிது என்பது விவசாயிக்குத்தான் தெரியும். ஒரு ரகம் பரவினால் விதைப்பண்ணை, விதைக்கடை, அரிசி ஆலை என்று வேலையும் கூடவே வருகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கப்பட்டது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களுக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது.