நூற்று ஐந்து சதவீதம் முளைக்குமா?

கேள்வி: பத்து நெல் விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன், எட்டு முளைத்தன. முளைப்புத்திறனுக்கு 95% நம்பிக்கை இடைவெளி (மாதிரியிலிருந்து மதிப்பிடும் கீழ், மேல் எல்லைகள்) போட்டால் 55 முதல் 105 சதவீதம் வரை வருகிறது. எங்கே தவறினேன்?
- புள்ளியியல் மாணவி, கும்பகோணம்

பதில்: பெருக்கல், வகுத்தலில் தவறில்லை. 0.8 × 0.2 ÷ 10 = 0.016, இதன் வர்க்கமூலம் 0.1265, அதுவே திட்டப்பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி விகிதம் எவ்வளவு மாறும் என்பதன் அளவு. 95%-க்குரிய 1.96-ஆல் பெருக்கினால் 0.248. அதை 0.8-இல் கழித்துக் கூட்டினால் 0.552, 1.048.

சூத்திரம்தான் இங்கே பொருந்தவில்லை. ஈருறுப்புப் பரவல் (ஒவ்வொரு விதையும் முளைக்கும் அல்லது முளைக்காது என்னும்போது, முளைப்பவற்றின் எண்ணிக்கை பரவும் விதம்) மணி வடிவில் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பத்தே விதைகளில், அதுவும் விகிதம் 0.8 ஆகும்போது, மேல்பக்கம் 10-இல் முட்டி நின்றுவிடும். கீழ்ப்பக்கம் வால் நீளும். முளைத்தவை, முளைக்காதவை இரண்டுமே பத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் இந்தச் சூத்திரத்தைத் தொடுங்கள். உங்களிடம் முளைக்காதவை இரண்டே.

மாற்று வழி எளிது. புள்ளியியலாளர்கள் அக்ரெஸ்டியும் கூலும் 1998-இல் பரிந்துரைத்தது: முளைத்தவற்றில் 2, முளைக்காதவற்றில் 2 கூட்டிவிட்டு அதே சூத்திரத்தைப் போடுங்கள். 14-க்கு 10, அதாவது 0.714. திட்டப்பிழை 0.1207. இடைவெளி 48 முதல் 95 சதவீதம். அகலம்தான், ஆனால் பத்து விதைகளை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவே.

கேள்வி: சான்று விதை நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80% என்கிறார்கள். நான் போட்ட பத்தில் ஆறுதான் முளைத்தது. விதை மோசமா?
- விவசாயி, மன்னார்குடி

பதில்: இதை வைத்து அப்படி முடிவுகட்டாதீர்கள். விதையின் உண்மையான திறன் 80% என்றே வைத்தாலும், பத்தில் சரியாக எட்டு முளைக்க நிகழ்தகவு 45 × 0.8⁸ × 0.2² = 0.302 மட்டுமே (பத்தில் எட்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 45). ஆறோ அதற்குக் குறைவோ முளைக்க 0.121. ஏறக்குறைய எட்டு முறைக்கு ஒருமுறை நல்ல விதையே இப்படிக் காட்டும். (மாணவர்கள் இங்கே சரியாக ஆறு என்பதற்கான 0.088-ஐ மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஐந்து, நான்கு என்று கீழே உள்ளவற்றையும் கூட்ட வேண்டும்.)

ஆய்வகத்தில் நூறு நூறாக நான்கு முறை, மொத்தம் 400 விதைகள் வைத்து, நெல்லானால் 14-ஆம் நாள் இறுதியாக எண்ணுவது இதனால்தான். 332 முளைத்தால் 83%, இடைவெளி 79.3 முதல் 86.7 வரை. உண்மையான திறன் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்க 95% வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான திறனை உள்ளடக்கும் என்பதே பொருள்.

மொத்தத்தை மட்டும் பார்க்காமல் நான்கு நூறுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். 86, 84, 81, 81 என்றால் சரி. 92, 90, 88, 62 என்றாலும் கூட்டுத்தொகை 332-தான். ஆனால் 83% திறனில் நூறு விதைகளுக்குத் திட்டவிலக்கம் (தற்செயலாக வரும் வழக்கமான ஏற்ற இறக்கம்) சுமார் 3.8. 62 அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் தள்ளி நிற்கிறது. அந்த நூறு விதைகளை வைத்த ஈரத்தாள் காய்ந்திருக்கலாம், பூஞ்சை பரவியிருக்கலாம். ஒரு விதையின் கதி பக்கத்து விதையைத் தொட்டுவிட்டால் ஈருறுப்புக் கணக்கே செல்லாது. சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: இருபதுக்கு இருபதும் முளைத்தால்?
- ஆசிரியர், மதுரை

பதில்: வழக்கமான சூத்திரம் திட்டப்பிழை பூச்சியம் என்றுவிடும், இரண்டு இரண்டு கூட்டினாலும் மேல் எல்லை 100-ஐத் தாண்டும். புள்ளியியலாளர் வில்சன் 1927-இல் தந்த முறையில் கீழ் எல்லை 20 ÷ (20 + 3.84) = 0.839 (3.84 என்பது 1.96-இன் வர்க்கம்). ஆகவே 84 முதல் 100 சதவீதம் வரை என்று எழுதச் சொல்லுங்கள்.