மாண்ட்ரியால் கனடியன்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, கனடாவில் மாண்ட்ரியால் நகரின் ஐஸ் ஹாக்கி அணியான கனடியன்ஸின் சட்டையில் 'சி'க்குள்ளே ஒரு 'எச்' இருக்கிறதே, ஊர்ப்பெயரா?

பதில்: இல்லை தம்பி. 'எச்' என்பது ஹாக்கி. அணியின் பிரெஞ்சுப் பெயர் 'கிளப் தெ ஹாக்கி கனாடியன்'. மாண்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் பழைய குடியானவர்களை 'அபித்தான்' என்பார்கள். செல்லப்பெயரான 'ஹாப்ஸ்' அதிலிருந்து வந்தது. எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1909-ல் பிரெஞ்சு பேசும் மக்களுக்கென்றே தொடங்கிய அணி இது. அது ஆடும் லீக்கான என்.எச்.எல். பிறந்தது 1917-ல்தான்.

கேள்வி: ஓர் ஆட்டக்காரருக்குத் தடை விதித்ததற்காக ஊரே கலவரம் செய்ததாமே? நம்ப முடியவில்லை ஐயா.

பதில்: நம்புங்கள். அவர் பெயர் மொரீஸ் ரிஷார், கனடியன்ஸ் வீரர். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தவர். ஆங்கிலம் பேசுபவர்களே முதலாளிகளாக இருந்த ஊரில், பிரெஞ்சுத் தொழிலாளிக்கு அவர் சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரி.

1955 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த சண்டையில் எதிரணி வீரரை ஸ்டிக்கால் அடித்தார். தடுக்க வந்த லைன்ஸ்மேனையும், அதாவது துணை நடுவரையும், குத்தினார். அது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல், மிச்சமிருந்த பருவம் முழுவதற்கும், அதன்பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கும் சேர்த்துத் தடை போட்டார். அடுத்த நாள், மார்ச் 17, கேம்பலே கனடியன்ஸின் சொந்த அரங்கான ஃபோரத்துக்கு ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். தக்காளியும் முட்டையும் பறந்தன. யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டை வீசினார்கள். ஆட்டம் பாதியில் நின்று, வெற்றி எதிரணியான டெட்ராய்ட்டுக்குப் போனது. வெளியே செயின்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின.

மறுநாள் ரிஷார் வானொலியில் பேசி, தண்டனையை ஏற்பதாகவும் அடுத்த ஆண்டு திரும்பிவந்து கோப்பை வெல்ல உதவுவதாகவும் சொன்னார். ஊர் அடங்கியது. 1956 முதல் 1960 வரை கனடியன்ஸுக்குத் தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக்கின் சாம்பியன் கோப்பை. வேறு எந்த அணியும் இன்றுவரை அதைச் செய்ததில்லை.

கேள்வி: கிரிக்கெட்டில் இருக்கும் பவர் பிளேதானா ஹாக்கியிலும்?

பதில்: பெயர் மட்டும்தான் ஒன்று. இங்கே எதிரணி வீரர் ஒருவர் தவறு செய்து பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரம் அது. முன்பெல்லாம் எத்தனை கோல் விழுந்தாலும் அவர் இரண்டு நிமிடமும் உள்ளேயே இருக்க வேண்டும். 1955 நவம்பரில் கனடியன்ஸின் ஜான் பெலிவோ, பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 விநாடிகளில் மூன்று கோல் அடித்தார். அடுத்த பருவத்திலிருந்து விதி மாறியது: ஒரு கோல் விழுந்ததும் அவர் வெளியே வரலாம். ஓர் அணியின் திறமைக்காக விதியையே திருத்தினார்கள்!

கேள்வி: அந்தக் காலக் கோல் கீப்பர்கள் முகமூடி இல்லாமலா நின்றார்கள்?

பதில்: ஆமாம் அம்மா. கனடியன்ஸ் கீப்பர் ஜாக் பிளாண்ட் பயிற்சியில் மட்டும் முகமூடி போடுவார். ஆட்டத்தில் போடப் பயிற்சியாளர் டோ பிளேக் விடவில்லை. 1959 நவம்பர் 1, நியூயார்க்கில் எதிரணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) அவர் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு, "முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார். மாற்றுக் கீப்பரை வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. பிளேக்குக்கு வேறு வழியில்லை. 3-1 என்று கனடியன்ஸ் வென்றது. கோழை என்ற பேச்சுக்கு அஞ்சாமல் நின்ற அந்த மனிதரை எனக்கு ரிஷாரைவிடப் பிடிக்கும்.

கேள்வி: மொத்தம் எத்தனை கோப்பை?

பதில்: 24. வேறெந்த அணிக்கும் இவ்வளவு இல்லை. 24-வது வந்தது 1993-ல். அந்த பிளேஆஃபில் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களில் தொடர்ந்து பத்தை வென்றார்கள். கீப்பர் பாட்ரிக் ருவா.

கேள்வி: பார்க்க ஆசைதான் அண்ணா, ஆனால் பக் கண்ணுக்கே தெரியவில்லை.

பதில்: எனக்கும் முதலில் அப்படித்தான். பக்கைத் துரத்தாதீர்கள், ஆட்களைப் பாருங்கள். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை வீரர்கள் மாறுவார்கள். 2022-ல் 23 வயதில் கனடியன்ஸ் கேப்டனான நிக் சுசுகி இறங்கும்போது அவரை மட்டும் கவனியுங்கள். அவர் தலை திரும்பும் பக்கம்தான் பக் போகும்.