சர்வீஸ் டெஸ்க் வேலைக்குப் புதிது: ஐடிஐஎல், கோபிட், ஐஎஸ்ஓ 20000 மூன்றில் எதைப் படிப்பது?

ஐடி சேவைகளை நடத்தும் முறைகளைச் சொல்லும் ஐடிஐஎல் மட்டும் படியுங்கள். 1996இல் ஐசாக்கா அமைப்பு வெளியிட்ட கோபிட், நிறுவனத்தின் ஐடியைக் கட்டுப்படுத்தி நிர்வகிப்பதற்கான வழிகாட்டி; தணிக்கையாளர்களை மனத்தில் வைத்துப் பிறந்தது. உங்கள் மேலாளரின் மேலாளர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். ஐஎஸ்ஓ 20000 என்பது ஐடி சேவை மேலாண்மைக்கான தரநிலை; அதன் சான்று நிறுவனத்துக்குத் தரப்படுவது, ஆளுக்கு அல்ல.

1980களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை எழுதவைத்த நூல்வரிசைதான் ஐடிஐஎல். கடைசி எழுத்து லைப்ரரியைக் குறிக்கிறது; தொடக்கத்தில் 30 புத்தகங்களுக்கு மேல் இருந்தன! 2007இல் அவை ஐந்தாகச் சுருங்கின. 2019இல் வந்த நான்காம் பதிப்பு 34 நடைமுறைகளைச் சொல்கிறது. இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு என்பது பிடிபட்டால் உங்கள் வேலைக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில், திங்கட்கிழமை காலையானால் வருகைப்பதிவு மென்பொருள் படுத்துவிடும். டிக்கெட் (புகார்ப் பதிவு) வரும், சர்வரை மறுதொடக்கம் செய்வோம், இருபது நிமிடத்தில் டிக்கெட்டை மூடுவோம். சேவைத்தர ஒப்பந்தமான எஸ்எல்ஏவில் ஒப்புக்கொண்டது நான்கு மணி நேரம் என்பதால் மாத அறிக்கை முழுக்கப் பச்சை. ஐந்து மாதம் இதே கூத்து. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் பழைய டிக்கெட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்து, "எல்லாமே திங்கட்கிழமையாக இருக்கிறதே?" என்று கேட்டார். ஞாயிறு இரவு ஓடிய பேக்கப், தற்காலிகக் கோப்புகளால் சர்வரின் வட்டை (டிஸ்க்கை) நிரப்பிவிட்டிருந்தது. மறுதொடக்கத்தில் அவை அழிந்துவிடும்; எங்கள் வைத்தியம் பலித்த ரகசியம் அதுதான்.

மென்பொருள் நின்றது இன்சிடென்ட். சேவையைச் சீக்கிரம் எழுப்பிவிட்டால் அது முடிந்தது. நிற்க வைத்த காரணம் பிராப்ளம். அதற்குத் தனிப் பதிவும் தனிப் பொறுப்பாளரும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. இத்தனைக்கும் சுவரில் ஐடிஐஎல் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின, என்னுடையதும் சேர்த்து.

காரணம் தெரிந்த பிறகும் பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்க்க, ஒப்புதல் குழு கூடும்வரை ஒன்பது நாள் காத்திருந்தோம். கேட்டால் ஐடிஐஎல் என்றார்கள். எல்லா மாற்றமும் ஒரே குழுவின் முன் போக வேண்டும் என்று ஐடிஐஎல் சொல்லவே இல்லை.

நான்காம் பதிப்பின் அடிப்படைத் தேர்வில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள்; 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கட்டணம் கையைக் கடிக்கும். நிறுவனம் கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.