தீவு விரைவுச்சாலைக்கு இன்னொரு தடம் கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்டிலிருந்து சாங்கிக்குத் தினமும் காலையில் சரக்கு வேன் ஓட்டுகிறேன். தீவு விரைவுச்சாலையில் ஆடம் ரோடு வந்ததுமே பிரேக்கில் கால் வைக்க வேண்டியிருக்கிறது. தோ பாயோ தாண்டும்வரை ஊர்ந்துதான் போக முடிகிறது. எங்கள் வட்டாரக் கலந்துரையாடலுக்கு எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "ஒரு தடம் கூட்டுங்கள்" என்று எழுதினால் போதுமா? லண்டனின் எம்25 மாதிரி வட்டச் சாலை கேட்கலாமா?

பதில்: அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எங்கே, எதனால் அடைக்கிறது என்று காட்டினால்தான் பொறியாளர் உங்கள் கடிதத்தை வைத்து வேலை செய்ய முடியும்.

நீங்கள் பிரேக் அழுத்தும் இடம் நெரிசலின் வால். கோளாறு இருப்பது தலையில், அதாவது வண்டிகள் மறுபடி வேகமெடுக்கும் இடத்தில். முன்னால் போட்ட பிரேக் அலைபோல மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பரவும். கால் மணி நேரத்தில் நாலைந்து கிலோமீட்டர் வந்துவிடும். வால் பக்கம் தடம் கூட்டினால், நிற்கிற வண்டிகள் இன்னொரு வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

தலையில் பெரும்பாலும் நடப்பது பின்னல். ஸ்லிப் ரோட்டில் ஏறியவர் வலப்பக்கம் போகப் பார்ப்பார். அடுத்த வெளிவழியில் இறங்க வேண்டியவர் அதே இடத்தில் இடப்பக்கம் வருவார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். இடைவெளி பார்த்து ஒரு தடம் மாற 6 வினாடி என்று வையுங்கள். மூன்று தடம் கடக்க 400 மீட்டர் வேண்டும். அவ்வளவு தூரம் இல்லாத இடத்தில் யாராவது ஒருவர் பிரேக் போடத்தான் செய்வார். பின்னால் வருபவர் அதைவிட அழுத்தமாக மிதிப்பார். கனரக லாரிக்கு வேக வரம்பு 60, காருக்கு 80, 90 என்றிருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

சீராக ஓடும்போது ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும். நின்று நின்று ஓடத் தொடங்கினால் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறையலாம். நான்கு தடத்தில் 10 விழுக்காடு என்றால் 800 வண்டிகள், கிட்டத்தட்ட அரைத் தடம்! சாலையை அகலப்படுத்தாமலே மீட்கக்கூடியது இது. ஈஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணத்தை எல்லாரும் திட்டுகிறோம். ஆனால் விரைவுச்சாலையில் வேகம் 45 முதல் 65 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று பார்த்து அதை மாற்றியமைப்பது இந்த இழப்பைத் தடுக்கத்தான்.

பள்ளி விடுமுறை இல்லாத இரண்டு வாரம் கவனியுங்கள். வாகனம் ஓட்டும்போது நீங்கள் எழுதக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஊர்தல் தொடங்கிய நேரம், வேகம் கூடிய இடம், அங்கிருந்த விளக்குக் கம்ப எண், எந்தத் தடம் முதலில் நின்றது, இவை போதும். விபத்து நடந்த நாளைத் தனியாகக் குறியுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில் உள்ள சாலைக் கேமரா படங்களை வீட்டிலிருந்தே பார்த்து ஒப்பிடலாம்.

தலை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கேற்ற தீர்வைக் கேளுங்கள். உள்வழிக்கும் அடுத்த வெளிவழிக்கும் நடுவே பின்னல் என்றால், இரண்டையும் இணைக்கும் துணைத் தடம். இடக்கோடித் தடம் மட்டும் வெளிவழிக்கு முன்னாலேயே நிற்கிறதென்றால், கோளாறு விரைவுச்சாலையிலேயே இல்லை. கீழே இறங்கும் சாலையின் சிக்னலில் இருக்கிறது. பச்சை விளக்கைச் சில வினாடி நீட்டுவதும் திரும்பும் தடத்தை நீளமாக்குவதும் மேம்பாலத்தை அகலப்படுத்துவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. அப்படியே அந்தச் சாலையில் நடப்பவர்களுக்கான பச்சை நேரம் குறையக் கூடாது என்றும் எழுதுங்கள். அங்கே முதியவர்கள் கடக்கிறார்கள்.

எம்25 1986-இல் முழுமையானது, சுமார் 188 கிலோமீட்டர். ஹீத்ரோ விமான நிலையம் பக்கம் ஒரு திசைக்கு ஐந்து, ஆறு தடம்வரை அகலப்படுத்தினார்கள். 1995-இலேயே நெரிசலுக்கேற்ப மாறும் வேக வரம்பு வந்தது. இருந்தும் அந்தத் தென்மேற்குப் பகுதியைப் பற்றி 2017-இல் வெளியான அரசு ஆய்வு, இன்னும் அகலப்படுத்துவதில் கவனம் வைக்க வேண்டாம், சாலைக்கு வரும் அழுத்தத்தைக் குறைக்கும் வழி பாருங்கள் என்றது. நம் தீவில் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைதான். வட்டமும் பெயரில்லாமல் இருக்கிறது: கிராஞ்சி, புக்கிட் தீமா, சிலேத்தார், தெம்பனிஸ் விரைவுச்சாலைகள் சேர்ந்து வடக்கே ஒரு வளைவாகத் தீவு விரைவுச்சாலையின் இரு பக்கத்தையும் தொடுகின்றன. சாங்கி போகும் உங்கள் வேனுக்கு அது கூடுதல் தூரம்தான். ஒரு வாரம் ஓட்டி நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாலை நெரிசலை இதே கடிதத்தில் சேர்க்க வேண்டாம். எதிர்த்திசையில் தலை வேறு இடத்தில் இருக்கும். அதற்குத் தனியாக இரண்டு வாரக் குறிப்பு எடுங்கள்.